புட்டாவை மிதிக்கக் கூடாது

கீழே நான் எழுதியிருப்பது அத்தனையும் சத்தியம். கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யலாம் என்றுதான் கடைக்குப் போனேன். இப்போது வருகிற கற்பூரம் பாதி மெழுகு என்று கடைக்காரரே சொல்லிவிட்டார். பாதி மெழுகில் செய்த சத்தியம் பாதிதான் செல்லும். ஆகையால் வெறும் வாயால் முழுச் சத்தியம் செய்கிறேன். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். அதனால் உண்மைக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

எங்கள் காஞ்சிபுரத்தில் மூத்தோர் சமநிலைப் பேரவை என்று ஒன்று உண்டு. வயதானவர்கள் கீழே விழாமல் இருப்பதற்காக ஏற்பட்ட அமைப்பு. அதன் தலைவர் தனசேகரன், வேலையில் இருந்த காலமெல்லாம் பட்டுப் புடவைக்குத் தரம் பார்த்தவர். பூதக்கண்ணாடி இல்லாமல் எதையும் பார்த்துப் பழக்கமில்லாதவர். இலையில் விழும் இட்லியையும் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொடுவார் என்று அவர் சம்சாரமே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

பேரவைக்கு அவர் ஒரு பயிற்சி மாளிகை கட்டினார். கருங்கல் தரை. அதை மெருகேற்றி மெருகேற்றி, குனிந்தால் தலை வாரிக்கொள்ளலாம் என்கிற அளவுக்குக் கொண்டுவந்தார். முதியவர்கள் விழுவதற்கு இதைவிட வசதியான இடம் சுற்றுவட்டாரத்திலேயே கிடையாது. முதல் வாரம் முடிவதற்குள் உறுப்பினர்களில் பாதிப் பேர் அந்த வசதியைப் பயன்படுத்திக்கொண்டார்கள். நானும் உறுப்பினன் என்பதால் எனக்கும் அந்தச் சலுகை கிடைத்தது.

அவசரக் கூட்டம் கூடியது. இடது கை கட்டோடு வந்திருந்த ரேணுகாம்பாள் எழுந்து, "அம்மி கொத்துற ஆளைக் கூப்பிட்டு தரையை லேசா கொத்தி வுட்டா போச்சு. இதுக்கு எதுக்குபா கூட்டம்?" என்று கேட்டார்.

தலைவர் அவரைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

"ஏம்மா, தரையில ஒரு குத்தமும் இல்ல. நானே பார்த்து பாஸ் பண்ண தரை. உங்க காலுதான் தரத்துக்கு வரல."

அன்று முதல் சறுக்காக் காலுறை இல்லாமல் யாரும் உள்ளே வரக் கூடாது என்று தீர்மானமானது. கடையில் கிரிப் சாக்ஸ் என்று கேட்டால் கொடுப்பார்களே, அடியில் ரப்பர் புள்ளி வைத்தது, அதுதான். பேரவை அந்தப் பெயரைச் சொல்லாது. எளிதில் கிடைத்துவிடும் என்ற பயம்.

இந்தச் சமயத்தில்தான் என் பக்கத்து வீட்டுத் தில்லையம்மாள் இதற்குள் வந்து மாட்டிக்கொண்டாள்.

பிள்ளையார்பாளையத்தில் அவள் ஆப்பக்கடை தெரியாதவர்கள் இல்லை. போன தை மாதம் தோட்டத்துத் தொட்டியடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. தகடு வைத்தார்கள். எழுந்து நடந்தாள். ஆனால் சென்னையில் இருக்கும் மகன் லோகேஸ்வரனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்தான்.

"ம்மா, என்கூட வந்துரு. மூணாவது மாடி. லிப்ட் இருக்குது. உனக்குத் தனி ரூம், ஏசி, டிவி."

"ஆப்பச்சட்டிக்கு ஏசி போட்டா ஆப்பம் வேகுமாடா?"

"கடையை மூடிரலாம்மா."

"நீ உன் ஆபீசை மூடிட்டு இங்க வாயேன். மாவு ஆட்டக் கத்துக் குடுக்கறேன்."

அரைநாள் இழுபறிக்குப் பிறகு அவன் ஒரு நிபந்தனை வைத்தான். கம்பெனியில் வேலை பார்க்கிறவன். அம்மாவை நம்ப மாட்டான், சான்றிதழை நம்புவான். "பேரவைல பேலன்ஸ் டெஸ்ட் வைக்கிறாங்களாம். பாஸ் பண்ணி சர்டிபிகேட் வாங்கு, நான் அப்புறம் வாயே தொறக்க மாட்டேன். வைகாசி கருட சேவைக்கு முன்னாடி வருவேன். சர்டிபிகேட் இல்லன்னா உன் பொட்டி படுக்கையை ஏத்தறதுக்கு வண்டியோட வருவேன்."

"வாடா, பார்க்கலாம்" என்றாள் தில்லையம்மாள். பிறகு அவன் போனதும் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அவள் பயந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மறுநாளே ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பிரவீனாவிடம் போனாள். துணைக்கு நானும் போயிருந்தேன்.

"சாக்ஸ் காலை நல்லா கவ்வணும்மா. ஆனா தடம் விழற அளவுக்கு இறுக்கக் கூடாது," என்றாள் பிரவீனா. "குதிகால் இருக்க வேண்டிய எடத்துல குதிகால் உக்காரணும். ரப்பர் புள்ளி விரல்லருந்து குதிகால் வரைக்கும் அடியில பரவி இருக்கணும். தொளதொளன்னு வாங்கிறாதீங்க, சாக்ஸ் நிக்கும், உள்ள இருக்கிற கால் வழுக்கும். உள்பக்கத்தை வெளிய திருப்பித் துவைச்சு நெழல்ல காயப் போடுங்க. புள்ளி தேஞ்சிடுச்சுன்னா தூக்கிப் போட்டுருங்க, மனசு கேக்கலன்னு வச்சிக்காதீங்க."

"அவ்ளோதானாம்மா?"

"அவ்ளோதான். சாக்ஸ்தானேம்மா, வேற இன்னா இருக்குது?"

பாவம், சின்னப் பெண். பேரவையைப் பற்றி அவளுக்குத் தெரியாது.

தில்லையம்மாள் சாம்பல் நிறத்தில் ஒரு ஜோடி வாங்கினாள். மாட்டிக்கொண்டு அடுப்பு மேடையைப் பிடித்தபடி ஒரு காலைத் தூக்கினாள். பிறகு ஒரு விரலால் மட்டும் பிடித்துக்கொண்டு தூக்கினாள். சித்திரை பிறந்தபோது எதையும் பிடிக்காமல் ஒற்றைக் காலில் நின்று ஆப்பச்சட்டியைச் சுழற்றினாள். வாங்க வந்தவர்கள் ஆப்பத்தை விட்டுவிட்டுக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தத் தைரியத்தில் மாளிகைக்கு வந்தாள். வாசலில் காவலுக்கு இருந்த முனிசாமி மறித்தான்.

"இரும்மா. சாக்ஸைக் கழட்டி இந்தத் தாம்பாளத்துல வை. தலைவர் பார்க்கணும்."

தலைவர் வந்தார். கண்ணாடியை எடுத்தார். சாக்ஸை வெளிச்சத்தில் பிடித்தார்.

"இதுக்கு பார்டர் எங்க?"

"சாக்ஸுக்கு ஏதுங்கய்யா பார்டர்?"

"முந்தி?"

"மேல எலாஸ்டிக் இருக்குது. அதை வேணா முந்தின்னு வச்சிக்குங்க."

தலைவர் சாக்ஸை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தார். அது நீண்டது. விட்டார், சுருங்கியது. கிணற்றில் பிணம் பார்த்தவர் மாதிரி பின்வாங்கினார்.

"இழுபடுது! என் சர்வீஸ்ல இழுபடற சரக்கு ஒண்ணைக்கூட நான் பாஸ் பண்ணது கெடையாது." அடுத்து அதைத் திருப்பினார். நீலப் புள்ளிகள் அவர் கண்ணுக்குப் பட்டுப் புடவையில் போடும் புட்டாப் பூக்களாகவே பட்டன; அவர் குரலே இறங்கிவிட்டது. "புட்டாவைக் கொண்டுபோய் அடியில வச்சிருக்கான். மிதிக்கிறதுக்கா புட்டா போடறாங்க? யாரும்மா இது நெய்ஞ்சது?"

"மெஷின்ல பின்றதுங்கய்யா. சரி வுடுங்க, நான் வெறுங்கால்லயே வரேன்."

"வெறுங்கால் பட்டா தரையில ரேகை விழும்."

தில்லையம்மாளுக்குக் கோபம் வந்தது. "உலகளந்த பெருமாள் எந்தக் காலத்துலருந்து ஒத்தக் காலைத் தூக்கிக்கினு நிக்கிறாரு? அவருக்கு எந்தப் பேரவை உறை மாட்டி வுட்டுது?"

தலைவர் நிதானமாகச் சொன்னார்: "அவர் நம்ம உறுப்பினர் இல்லம்மா."

அவள் சாக்ஸைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பினாள். பெருமாளாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்.

கடையில் விற்பது எதுவும் தரத்தில் சேராது என்று ஆனபிறகு, பேரவையே காலுறை தயாரிப்பது என்று முடிவாயிற்று. செயலாளர் கலைவாணன் தலைமையில் மாதிரிக் குழு அமைந்தது. கலைவாணன் எதற்கும் மறுப்புச் சொல்லாத மனிதர். மின்விசிறி ஆடினாலும் தன்னைத்தான் கேட்கிறது என்று நினைத்துத் தலையாட்டுவார்.

பட்டு நகரத்துக் காலுறை பட்டில்தான் இருக்க வேண்டும் என்பதில் குழுவுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. தறியில் நெய்த பட்டு நீளாது என்பதை ஒரு குறையாக அல்ல, தகுதியாகப் பதிவு செய்தார்கள். அளவு என்னவென்று கேட்டபோது, தலைவரின் காலளவே எல்லோருக்கும் என்று கலைவாணன் அறிவித்தார். மிச்ச இடத்தில் பஞ்சு அடைத்துக்கொள்ளலாம். கணுக்காலில் ஜரிகைக் கயிறு கட்டிக்கொள்ளலாம். துவைக்கக் கூடாது, வெள்ளைத் துணியில் சுற்றி வைத்து, அவ்வப்போது மடிப்பை மாற்றி மடிக்க வேண்டும்.

ரப்பர் புள்ளிக்கு மட்டும்தான் சண்டை. வெறும் வட்டம் வைத்தால் நம் ஊருக்கு என்ன மரியாதை? ஆகையால் கோபுரம், அன்னம், ருத்திராட்சம், மயில்கண் என்று ரப்பரிலேயே வார்த்து ஒட்டி மாதிரி வந்தது. பார்க்க அற்புதமாக இருந்தது. அப்போதுதான் தலைவர் அதைக் கையில் வாங்கித் திருப்பினார்.

"கோபுரத்தை மிதிக்கச் சொல்றீங்களா?"

குழு நடுங்கியது.

"நான் ஒண்ணு கேக்கறேன்," என்று எழுந்து நின்று பேசினார். "எந்தப் புடவையிலயாவது புட்டாவை உள்பக்கம் வச்சுப் பார்த்திருக்கீங்களா? நாலு பேர் கண்ணுல படாத வேலைக்கு இன்னா மதிப்பு? பிடிப்பு இருந்தா மட்டும் போதாது, பிடிப்பு இருக்குதுன்னு வெளியத் தெரியணும். நான் எத்தினி வருஷம் நாற்காலியில உக்காந்தேன்? அதுல ஒருநாளாவது உள்ள இருக்கிறதைப் பார்த்து முத்திரை குத்தியிருக்கேனா? மேலாகத்தான் பார்த்தேன். அதனாலதான் என் பேர்ல ஒரு புகார் வரல."

பலத்த கைதட்டல். ரப்பர் புட்டாக்கள் பாதத்தின் மேல்பக்கத்துக்கு இடம் மாறின. அடிப்பக்கம் சுத்தமான பட்டு. புட்டாவை மிதிக்கக் கூடாது என்று மாளிகைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைத்தார்கள்.

வெளியீட்டு விழாவை நான் மறக்க முடியாது. மெருகேற்றிய கருங்கல்லின் மேல் பட்டுப் பாதங்களோடு நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே கால் வைத்தோம். அதன்பிறகு யாரும் கால் வைக்கவில்லை, அதுவாகப் போயிற்று. "அன்பார்ந்த மூத்தோர்களே" என்று கிழக்குச் சுவரில் பேச்சைத் தொடங்கிய தலைவர், "நமது நோக்கம்" என்பதை மேற்குச் சுவரில் சொன்னார். நடுவில் அவர் கடந்து போன இடத்தில் இருந்தவர்களுக்கு ஒவ்வொரு வார்த்தை கிடைத்தது. எனக்குக் கிடைத்தது "உறுதி". ரேணுகாம்பாள் என்னைத் தாண்டிப் போகும்போது, "எங்கண்ணா போறீங்க?" என்று கேட்டார். "தெரியலம்மா, நீ?" என்றேன். பதில் கேட்குமுன் அவர் தூரத்தில் இருந்தார்.

இதையும் பேரவை சமாளித்தது. தேர் ஓட்டத்தில் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டுப் பழகிய முனிசாமியை உள்ளே நியமித்தார்கள். யாராவது வேகமாக வந்தால் அவன் கட்டையை வைத்து நிறுத்துவான். "மெதுவா, மெதுவா, பெரியவர் திரும்பறாரு!" என்று குரல் கொடுப்பான். திருப்பம் மட்டும் அவனுக்கு மிகவும் நன்றாக வந்தது.

அடுத்தபடியாக, நிற்பதில்தான் விழும் அபாயம் இருக்கிறது என்று ஆராய்ந்து, பயிற்சிகளை உட்கார்ந்த நிலைக்கு மாற்றினார்கள். உட்கார்ந்தவர்களும் நகர்ந்ததால் படுத்த நிலைக்கு மாற்றினார்கள். அந்த வாரம் ஒருவரும் விழவில்லை. கலைவாணன் அதை மகத்தான வெற்றி என்று அறிவித்துவிட்டு, ரேணுகாம்பாளுக்கு முதல் சான்றிதழ் வழங்கினார்: 'படுத்த நிலையில் கீழே விழாதிருந்தார் என்று சான்றளிக்கப்படுகிறது.' ரேணுகாம்பாள் அதைச் சட்டம் போட்டு மாட்டினார்.

கருட சேவைக்கு முந்திய நாள் லோகேஸ்வரன் வந்தான். சொன்னபடி வண்டியோடு. பின்பக்கம் காலியாக இருந்தது. தில்லையம்மாளுக்கு அன்றுதான் தேர்வு. போகும் வழியில் ரேணுகாம்பாள் வீட்டில் நின்று அந்தச் சான்றிதழை அவன் படித்துப் பார்த்தான்.

"ம்மா, இது செல்லாது. படுத்துக்கினு யார் வேணாலும் பாஸ் பண்ணுவாங்க. நீ நின்னு வாங்கணும்."

"நான் எப்படா படுக்கறேன்னு சொன்னேன்?"

மாளிகையில் ஆளுக்கு ஒரு ஜோடி பட்டுக் காலுறை கொடுத்தார்கள். விருந்தாளி என்பதால் லோகேஸ்வரனுக்கும் கொடுத்தார்கள். தில்லையம்மாள் வாசல்படியில் உட்கார்ந்து தன் ஜோடியை அப்படியும் இப்படியும் பார்த்தாள். தலைவர் காலளவு, அவள் காலுக்கு அது ஒரு பை. மாட்டிக்கொண்டு உறையை மட்டும் காலில் அரைச் சுற்றுத் திருப்பினாள். புட்டாவெல்லாம் அடிக்குப் போயிற்று. ஜரிகைக் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு நடந்து, கூடத்தின் நடுவில் போய் நின்றாள். அந்த மாளிகையில் ஒரு மனிதப் பிறவி நினைத்த இடத்தில் நின்றது அதுதான் முதல் தடவை.

"படுங்கம்மா, தேர்வு ஆரம்பிக்கலாம்," என்றார் கலைவாணன், முனிசாமியின் கட்டையைப் பிடித்துக்கொண்டு.

"படுத்துக்கினு எவளும் ஆப்பம் சுட மாட்டா. நான் நிக்கறேன், பார்த்துக்குங்க." வலது காலைத் தூக்கினாள்.

தலைவரின் பூதக்கண்ணாடி கீழே இறங்கியது. "புட்டாவை மிதிக்கிறாங்க! கோபுரத்தை மிதிக்கிறாங்க! உறையைத் தலைகீழா மாட்டியிருக்காங்க. தேர்வு ரத்து!"

"ரத்தா?"

"ரத்து."

தில்லையம்மாள் நின்ற காலை மாற்றி மாற்றி இரண்டு உறையையும் உருவினாள். தலைவர் இருந்த திசையில் விட்டெறிந்தாள். வெறுங்காலைக் கருங்கல்லில் அழுத்தி ஊன்றி மறுபடி ஒற்றைக் காலில் நின்றாள்.

"இப்ப எந்தக் கோபுரத்தை மிதிக்கிறேன், சொல்லு. எனக்கு நிக்கத் தெரியுதா இல்லையா, உன் வாயால சொல்லு. சொல்ற வரைக்கும் இந்தக் காலை எறக்க மாட்டேன்."

குழு அங்கேயே கூடியது. வெறுங்கால் விதிமீறல்தான், ஆனால் தரையில் இருப்பது ஒரு கால் மட்டுமே என்பதால் இது அரை விதிமீறலா, தூக்கிய கால் மாளிகைக்குள் இருப்பதாகக் கொள்ளலாமா என்றெல்லாம் விவாதித்தார்கள். கலைவாணன் இரண்டு பக்கத்துக்கும் தலையாட்டினார். அவள் நின்றாள். இடுப்புத் தகடு வலிக்கிறதென்று முகத்தில் தெரிந்தது. காலை மட்டும் இறக்கவில்லை. லோகேஸ்வரன் சுவரைப் பிடித்துக்கொண்டு, "ம்மா, போதும்மா, வுழுந்துருவ," என்றான்.

"நீ வுழாம இருடா மொதல்ல."

கடைசியில், அவளைத் தூக்கி வெளியே விடுவது என்று தீர்மானம் ஆயிற்று. அதை நிறைவேற்றத் தலைவரே புறப்பட்டார். சுவரிலிருந்து கையை எடுத்த மறுகணம் அவர் வேகம் பிடித்துவிட்டார். முனிசாமி கட்டை போட்டான். தலைவர் அழகாகத் திரும்பி, இன்னும் வேகமாக வந்தார். அந்தக் கூடத்தில் பிடிப்பதற்கு என்று நிலையாக இருந்த ஒரே பொருள் தில்லையம்மாள். அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். அவரைக் காப்பாற்ற வந்த கலைவாணன் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். கலைவாணனைப் பிடிக்கப் போன மாதிரிக் குழு ஒருவர் பின் ஒருவராக வந்து தொங்கியது. முனிசாமி கட்டையோடு வந்து சேர்ந்தான். நான் போக வேண்டும் என்று நினைக்கவில்லை. ஆனாலும் போய்ச் சேர்ந்தேன். ஒரு பேரவை முழுவதும் ஓர் ஆப்பக்கடைக்காரியின் ஒற்றைக் காலில் நின்றது.

"விட்றாதீங்கம்மா," என்றார் தலைவர், கண்ணை மூடிக்கொண்டு.

"எனக்கு நிக்கத் தெரியுதா?"

"தெரியுது."

"கேக்கல."

"தெரியுதும்மா! நல்லா நிக்கிறீங்க! விட்றாதீங்க!"

அந்த நேரத்தில் லோகேஸ்வரனும் சுவரை விட்டு நழுவி, எங்களையெல்லாம் சுற்றிக்கொண்டு வந்து, அம்மாவின் முந்தானையைப் பிடித்து நின்றான். சின்ன வயசில் கருட சேவைக் கூட்டத்தில் பிடித்த மாதிரியே பிடித்திருந்தான். அவள் அப்போதும் ஒரு காலில்தான் நின்றாள்.

"இன்னாடா, பொட்டியை ஏத்தலாமா?"

"வேணாம்மா," என்றான் அவன். "நீ இங்கயே இரு. என்னை மட்டும் வாசல் வரைக்கும் கொண்டு வுட்டுரு."

அவள் காலை இறக்கினாள். மகனைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தாள். பிடித்திருந்தவர்கள் எல்லோரும் பின்னால் இழுபட்டு வந்தோம். வாசல்படியில் கலைவாணன் அவசரமாக ஒரு சான்றிதழை நீட்டினார். "அதை மடிச்சு உன் சாக்ஸுல அடைச்சிக்கோ, பஞ்சு மிச்சம்," என்று சொல்லிவிட்டு அவள் போய்க்கொண்டே இருந்தாள்.

அடுத்த கூட்டத்தில் பேரவை, பிடிப்புச் சோதனை முழு வெற்றி என்று பதிவு செய்தது. பயிற்சி நேரங்களில் தில்லையம்மாளைக் கூடத்தின் நடுவில் நிரந்தரமாக நிறுத்திவைப்பது என்றும், அதற்குமுன் அவளைக் கண்ணாடி வைத்துத் தரம் பார்ப்பது என்றும் தீர்மானம் போட்டார்கள். சொல்ல வந்த முனிசாமிக்கு இரண்டு ஆப்பம் கொடுத்து அனுப்பிவிட்டாள். லோகேஸ்வரன் தேர்வன்றே காலி வண்டியோடு சென்னைக்குத் திரும்பிவிட்டான். மறுநாள் விடிந்ததும் அவள் தன் சாம்பல் நிற சாக்ஸை மாட்டிக்கொண்டு, தொட்டியடியில் யாரையும் பிடிக்காமல் நடந்து போய்த் தண்ணீர் மொண்டு வந்து அடுப்பு மூட்டினாள்.

பேரவை மாளிகைத் தரையை இன்னும் யாரும் கொத்தவில்லை.